எட்டைக் கொடுத்து நாலை வாங்கியவள்

“மூணு… நாலு… நாலு!”

விருந்து மேடையில் ஒலிவாங்கி பிடித்திருந்தவர் குலுக்கல் எண்ணை மலாயில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொன்னார். மண்டபம் முழுக்கத் தட்டுகளின் சத்தம் நின்றது. எல்லோரும் தங்கள் எண் சீட்டைத் தேடினார்கள்.

முதலில் எழுந்து கத்தியது என் மனைவி இந்திராணி அல்ல. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த சியூ எங்.

“இந்திரா! உன் நம்பர்! உன் நம்பர் லா!”

இந்திராணி அப்போது இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் குழம்பு. சீட்டு தேநீர்க் கோப்பைக்கு அடியில் ஈரமாகிக் கிடந்தது. சியூ எங் அதை உருவி உயரே தூக்கிப் பிடித்து, மறு கையால் என் மனைவியை இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். முதல் பரிசு, பத்தாயிரம் மலேசிய வெள்ளி.

மேடையில் எடுத்த படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அட்டையில் செய்த பெரிய காசோலையை இருவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்திருக்கிறார்கள். இந்திராணி பிடித்த முனையில் நான்கு விரல் தடம் மஞ்சளாகத் தெரிகிறது. அந்தப் படத்தைப் புதிதாகப் பார்ப்பவரால், பரிசு இருவரில் யாருக்கு விழுந்தது என்று சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்குத்தான் நாங்களும் பிறகு வெகுவாகத் திண்டாடினோம்.

தேதி போடக் கூடாது

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் வியாதி தெரியும். எதற்கும் நாள், கிழமை வேண்டும் எனக்கு. போன வாரம் கூலாய் பழைய மார்க்கெட்டைப் பற்றி எழுதியபோது ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். வாசகர் ஒருவர் பொறுமையாகத் திருத்திக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு நன்றி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம் அந்த ஆபத்து இல்லை. எழுத உட்கார்ந்ததுமே இந்திராணி வந்து நின்றாள்.

“ஏங்க, எங்க கதையா எழுதப்போறீங்க?”

“ஆமா.”

“வருஷம் ஒண்ணும் போடாதீங்க. சியூ எங் தன் வயச யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வருஷத்தப் போட்டா ஜனங்க கணக்குப் போட்டுருவாங்க.”

“அவங்க தமிழ்ப் பத்திரிகை படிக்கப்போறாங்களாக்கும்.”

“அவ படிக்க மாட்டா. ஃபேக்டரி லைன்ல இருக்கிற மத்தவளுங்க படிப்பாளுங்க.”

ஆகவே, தீபாவளிப் பலகாரம் தீர்ந்து, கடைகளில் கிறிஸ்துமஸ் மரம் ஏறியிராத ஒரு மழை மாதம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் இதற்கு மேல் இறங்கி வர முடியாது.

எட்டும் நாலும்

இருவரும் செனாய் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். இந்திராணி செடெனாக் தோட்டத்திலிருந்து இரட்டைச் சடையோடு வந்தாள். சியூ எங் செனாய்ப் பக்கத்துச் சீனக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்தாள். முதல் நாள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தவர் யாரென்று இருவருக்குமே நினைவில்லை. அந்த வரிசை இன்னும் கலையவில்லை.

அவர்கள் பேசிக்கொள்வது மலாய். நடுவில் கொஞ்சம் தமிழும், சியூ எங் வீட்டுச் சீனமான ஹொக்கியென் கொஞ்சமும் விழும். நான் எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். ‘லா’வை மட்டும் தொடவில்லை. அது இல்லாவிட்டால் சியூ எங் பேசியது மாதிரியே இருக்காது.

தொழிற்சாலை ஆண்டு விருந்தில், வாசலில் பெயரைப் பதிந்ததும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். இவர்கள் இருவரும் அதை வாங்கியதும் செய்யும் முதல் காரியம், சீட்டைப் புரட்டிப் பார்ப்பது. சீனர்களுக்கு நாலு ஆகாது. சில அடுக்குமாடிகளில் நாலாவது மாடியே இருக்காது. மூன்றுக்கு மேல் ‘மூன்று ஏ’ என்று ஏறிவிடும். நம்மவர்களுக்கு எட்டு ஆகாது. சனீஸ்வரன் எண் என்று கார் நம்பரில்கூட ஒதுக்குவோம். அதே எட்டுக்காகச் சீனர்கள் ஏலத்தில் பணத்தைக் கொட்டுவார்கள்.

இதைவிடப் பொருத்தமான சிநேகிதம் உண்டா? சியூ எங்குக்கு நாலு வந்து, இந்திராணிக்கு எட்டு வந்தால் மாற்றிக்கொள்வார்கள். ஆண்டாண்டாக இதுதான் வழக்கம். ஒரு முறை இந்திராணி கொடுத்த எட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் விழுந்தது. சியூ எங் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

இந்த முறை இந்திராணிக்கு வந்தது நூற்று எண்பத்தெட்டு. இரண்டு எட்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் கடைசியில் எட்டு. அவள் அதை நெருப்புப் போலப் பிடித்திருந்தாள். சியூ எங்குக்கு வந்தது முந்நூற்று நாற்பத்து நாலு. மாற்றிக்கொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை.

மேடையில் எண்ணைச் சொன்னதும் சியூ எங் முதலில் கத்தினாளே, ஏன் என்று இப்போது விளங்கும். இந்திராணி தன் எண்ணைப் பார்க்கவே இல்லை. வேண்டாம் என்று தள்ளியவளுக்குத்தான் அது மனப்பாடம்.

ஆளுக்கொரு யோசனை

பணம் வங்கிக் கணக்கில் ஏறிய சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிறு மாநாடு கூடியது.

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் பவானி, வார விடுமுறைக்கு வந்திருந்தாள். சமையலறைக் கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியைக் காலால் தட்டிக் காட்டினாள்.

“அம்மா, வேற பேச்சே வேணாம். கிச்சன பின்னால இழுத்துக் கட்டிரலாம். நீங்க கொடை பிடிச்சுக்கிட்டு ரசம் வைக்கிறத என்னால பாக்க முடியல.”

மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த என் மைத்துனன் தனபாலுக்கு வேறு கனவு.

“மச்சான், லக்குல வந்த காச வச்சிருந்தா கரஞ்சிரும். உருட்டணும். ஒரு செகண்ட் ஹேண்ட் லோரி பாத்து வச்சிருக்கேன். அக்காவுக்கு மாசாமாசம் பங்கு.”

“போன லோரி என்னாச்சு மாமா?” என்றாள் பவானி.

“அது டிரைவர் பிரச்சினை. லோரி நல்ல லோரி.”

எனக்கும் ஆசை இருந்தது. நான் பாசீர் கூடாங்கில் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜொகூரின் தமிழர் வாழ்க்கையைப் பற்றிச் சேர்த்ததெல்லாம் அலமாரியில் கிடக்கிறது. ஒரு புத்தகமாக, கெட்டி அட்டையோடு… வாயைத் திறந்தேன். பவானி என்னைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

புதையல் கிடைத்தவர்களின் கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். எந்த நாட்டுக் கதையானாலும் புதையலோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். திரும்பிப் பார்க்காதே, யாரிடமும் சொல்லாதே, பொழுது விடிவதற்குள் செலவழி என்று ஏதாவது. எங்கள் பத்தாயிரத்தோடு வந்த நிபந்தனையை, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த இந்திராணி தலை நிமிராமல் சொன்னாள்.

“பாதி சியூ எங்கோடது. அத குடுத்துட்டு, மத்ததப் பேசலாம்.”

“ஏம்மா? ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான மாத்திக்கிட்டீங்க?”

“சம்மதிச்சுத்தான். அந்தச் சீட்டு அவ கையிலதான முதல்ல வந்துச்சு? நாளைக்கு நான் புதுக் கிச்சன்ல நின்னு காபி கலக்குறப்ப, அவ வந்து பாத்துட்டுச் சும்மா சிரிப்பா. அந்தச் சிரிப்ப நான் எங்க வைக்கிறது?”

தனபால் லோரிப் பேச்சை விட்டுவிட்டு வாளியைக் குனிந்து பார்த்தான்.

“சரி, போன்லயே அனுப்பிரலாம். ரெண்டு நிமிஷம்,” என்றாள் பவானி.

“இதுவா? இத கையிலதான் குடுக்கணும்.”

வெள்ளை உறை

கையில் கொடுப்பதென்று ஆனபின் முறையாகச் செய்ய வேண்டாமா? மொய்யோ, சீரோ, நம்மவர் முழுத் தொகையாகக் கொடுப்பதில்லை. ஐயாயிரத்தோடு இந்திராணி ஒரு வெள்ளி சேர்த்தாள். நான் மேசை இழுப்பறையிலிருந்து நல்ல நீள உறை ஒன்றை எடுத்தேன். முத்து வெள்ளை, கெட்டித் தாள். அதன் மேல் கறுப்பு மையில் ‘இந்திராணி குடும்பத்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நான் சொல்லவில்லை, துறைமுகத்தில் சொல்வார்கள்.

ஞாயிறு காலை சியூ எங் வீட்டுக்குப் போனோம். அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கார் நிறுத்தும் இடத்தில் பிரம்பு நாற்காலியில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, மருத்துவமனையில் இருந்து, அந்த வாரந்தான் வீடு திரும்பியிருந்தார். இந்திராணி குனிந்து, மரியாதையாக இரண்டு கையாலும் உறையை அவர் கைகளில் வைத்தாள்.

“ஆன்ட்டி, இத சியூ எங் கையில குடுத்துருங்க.”

அவர் உறையைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

திரும்பும்போது காரில் இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா? அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

பஸ்ஸில் ஒரு பை

தொழிற்சாலை பஸ்ஸில் இந்திராணி ஏறும் நிறுத்தத்துக்கு முன்பே சியூ எங் ஏறிவிடுவாள். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்து இந்திராணிக்குப் பிடித்திருப்பாள். இவள் ஏறியதும் பை மடிக்குப் போகும். சேர்ந்த நாளிலிருந்து இதுதான்.

திங்கட்கிழமை பை இடத்தைவிட்டு நகரவில்லை. சியூ எங் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். இந்திராணி பின்னால் போய் நின்றாள்.

செவ்வாயும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்கு இந்திராணி எலுமிச்சைச் சோறு கட்டிப் போயிருந்தாள். சியூ எங்குக்குப் பிடித்தது. பாதி டப்பா அப்படியே வீட்டுக்கு வந்தது.

“பாதி பத்தலன்னு நினைக்கிறாளோ?” என்றாள் இந்திராணி. பிறகு அவளே, “சீச்சீ, அவ அப்படிப்பட்டவ இல்ல,” என்றாள். அன்று மூன்று தரம் இதைச் சொன்னாள். கடைசியில், “முழுசா குடுத்துரலாங்க. எனக்கு அந்த சீட் வேணும்,” என்றாள். பத்தாயிரம் வெள்ளிக்கு ஒரு பஸ் இருக்கை!

சிவப்பு நூல்

மறுநாள் மாலை, எங்கள் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே எங்கள் உறை, பணத்தோடு. கூடவே இரண்டு மிட்டாய். சின்னதாகச் சுருட்டிய சிவப்பு நூல்.

இந்திராணி நூலை விரலில் எடுத்தாள். அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தாள். “ஏங்க, இந்தக் கவர் ஏது?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சீனர் வீட்டுச் சாவுக்குப் போகிறவர்கள் வெள்ளை உறையில்தான் பணம் வைப்பார்கள். அதுவும் ஒற்றைப்படையில். நூற்று ஒன்று, இருநூற்று ஒன்று என்று. துக்கம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அந்த வீட்டார் மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்து அனுப்புவார்கள். நல்ல காரியம் என்றால் சிவப்பு உறை, இரட்டைப்படை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா? சியூ எங்கின் மாமனார் இறந்தபோது வெள்ளை உறை, நூற்று ஒன்று, கறுப்பு மை என்று ஒரு குறையில்லாமல் செய்தவர்கள் நாங்கள்தான்.

அன்றைக்கு வாங்கிய உறைக்கட்டில் மிஞ்சியதுதான் இது. அதே தாள். அதே எழுத்து. அதைத்தான் மருத்துவமனையிலிருந்து வந்த கிழவியின் கையில், இரண்டு கையாலும், பக்தியோடு வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

நம் முறையை நூல் பிசகாமல் செய்ததில், அவர்கள் முறைப்படி பாட்டிக்குச் சாவுப் பணம் கொடுத்தாகிவிட்டது.

விமானம் போகும்வரை

இந்திராணி சீருடையைக்கூட மாற்றவில்லை. போகிற வழியில் சிவப்பு உறையும் ஒரு ஜோடி ஆரஞ்சும் வாங்கினாள். அந்த ஒரு வெள்ளியை என் சட்டைப் பையில் திணித்தாள். சியூ எங் வீட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி, நாங்க மறந்துட்டோம். எங்க வழக்கத்துல நல்லதுக்குத்தான் அந்த ஒரு வெள்ளி. சத்தியமா. நீங்க நூறு வயசு இருக்கணும்!”

கிழவி நாற்காலியிலிருந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நூறா? நூறு கிட்ட வந்துருச்சு. கூட்டிச் சொல்லு.”

இந்திராணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“என் புருஷனுக்கு எவ்வளவு வச்சீங்க?”

“நூத்தி… ஒண்ணு, ஆன்ட்டி.”

“எனக்கு ஐயாயிரத்து ஒண்ணு!” பல்லில்லாத வாயைத் திறந்து கடகடவென்று சிரித்தார். “அந்த ஆளு இருந்து பாத்திருந்தா பொறாமையிலேயே இன்னொரு தரம் செத்திருப்பாரு!”

உள்ளே சமையலறையில் ஏதோ கரண்டி விழுந்தது. சியூ எங்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து கேட்டைத் திறந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

“கோவம் இல்ல லா, இந்திரா. ரெண்டு நாளா இவங்க சாப்பிடல. ஆவி கூப்பிடுதுன்னு அழுதாங்க. உன் பக்கத்துல உக்காந்தா என்ன சொல்றது? நீ செஞ்சது தப்புன்னா? நீ தப்பு செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் பைய எடுக்கல.”

“இப்ப சாப்பிட்டாங்களா?”

“நீ செவப்புக் கவரோட வர்றதப் பாத்ததுமே கஞ்சி கேட்டாங்க.”

இந்திராணி சிவப்பு உறையை நீட்டினாள். சியூ எங் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம் லா. குடுத்த அதிர்ஷ்டத்தத் திருப்பி வாங்கினா ரெண்டு பேருக்கும் போயிரும்.”

“அதெல்லாம் இல்ல. பாதி உன்னோடது.”

“ரைஸ் குக்கர் ஞாபகம் இருக்கா? உன் எட்டுக்கு வந்தது. அத நான் ரெண்டா வெட்டிப் பாதி குடுத்தேனா?”

“அது வேற!”

“எது வேற? அதுல இன்னும் சோறு ஆக்குறேன். வந்து பாரு!”

குரல்கள் உயர்ந்தன. கிழவி ஆரஞ்சை உரித்துக்கொண்டு, மேடை நாடகம் பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தார். அப்போது வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று ஏறியது.

செனாயில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விமானச் சத்தம் வந்தால், பேசிய சொல்லை அப்படியே நடுவில் நிறுத்துவார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சண்டையானாலும் அப்படித்தான். இருவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

ஆனால் இந்த முறை இந்திராணி விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சியூ எங், நாம இதுல ஏறினதே இல்ல.”

“இல்ல.”

அவர்களுடைய தொழிற்சாலைக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. வேலை நேரத்தில் விமானம் போவதை இத்தனை வருடமும் பார்த்ததில்லை. மேசை மேலிருக்கும் திருகாணிகள் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். ‘போகுது’ என்பாள் ஒருத்தி. ‘எங்க போகுதோ’ என்பாள் மற்றவள்.

“இந்தக் காச நான் உனக்குக் குடுக்கல. நீயும் எனக்குக் குடுக்கல,” என்றாள் இந்திராணி. “டிக்கெட் விக்கிறவன் வாங்கிக்கட்டும்.”

சியூ எங் கைகளை முன்னால் கொண்டுவந்தாள்.

செனாயிலிருந்துதான்

பவானிக்கு விஷயம் தெரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. “சிங்கப்பூர்லேர்ந்து ஏறுங்கம்மா. ஜப்பான் போகலாம், பனி பாக்கலாம்!”

“எங்கன்னாலும் சரி. ஆனா செனாய்லேர்ந்துதான் ஏறணும்.”

“ஏம்மா?”

“தலைக்கு மேல போனதுல உக்காந்து, நான் கீழ பாக்கணும்.”

செனாயிலிருந்து போகும் உள்நாட்டு ஊர்களில் தூரமான ஒன்றாகப் பார்த்து, கடலுக்கு அப்பாலுள்ள கோத்தா கினபாலுவைப் பிடித்தோம். மூவருக்கு. நான் பெட்டி தூக்க. கிழவியையும் கூப்பிட்டார்கள். “காது அடைக்கும். நான் கீழ நின்னு கை காட்டுறேன். சீனப் பெருநாள் மேசை விரிப்ப ஆட்டுறேன், செவப்பு, நல்லாத் தெரியும்,” என்றார். தாயோடு இருக்க, அவர் மகனான சியூ எங்கின் கணவர் வேலைக்கு விடுப்புப் போட்டார்.

பயணச்சீட்டில் எங்களுக்கு விழுந்தது எட்டாம் வரிசை. இந்திராணி கையிலிருந்த சீட்டைத் தூர நீட்டிப் பிடித்தாள். சியூ எங் வாயெல்லாம் பல். மாற்றிக்கொள்ள ஆளுமில்லை, நாலுமில்லை. மூன்று பேரும் எட்டிலேயே உட்கார்ந்தோம்.

மிச்சப் பணம் இருக்கிறது. அடுத்து எந்த ஊர் என்று இருவரும் மதியச் சாப்பாட்டு வேளையில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சமையலறைக் கூரையைப் பவானியே ஆள் வைத்துப் பழுது பார்த்துவிட்டாள். தனபால் இன்னும் லோரி பார்க்கிறான். என் புத்தகம் அச்சேறவில்லை. அதனால்தான் இதையெல்லாம் நீங்கள் இந்த வார இதழில் படிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு விமானம் ஓடி, மூக்கை நிமிர்த்தியது. வயிறு ஒரு தரம் கீழே தங்கிவிட்டு வந்து சேர்ந்தது. செம்பனைத் தோட்டங்கள் சீப்பால் வாரியதுபோல் தெரிந்தன. பிறகு கூரைகள்.

“அதோ! நம்ம கம்பெனி!”

“அது இல்ல லா, அது டயர் கடை. இந்தப் பக்கம்!”

“பஸ் நிக்குது பாரு, நம்ம பஸ்!”

“செவப்பு! செவப்பு தெரியுது!”

மேசை விரிப்பைப் பார்த்ததாக இருவரும் இன்றுவரை சத்தியம் செய்கிறார்கள். கிழவியோ, ஜன்னலில் இரண்டு பேரும் கையாட்டியதைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார். எதையும் சரிபார்க்காமல் எழுதாதவன் நான். இதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. நான் நடைபாதை ஓரத்து இருக்கையில் இருந்தேன். அந்தச் சின்ன ஜன்னலை, மல்லிகைச் சரம் வைத்த ஒரு கொண்டையும் சாயம் பூசிய ஒரு குட்டை முடியும் அடைத்துக்கொண்டிருந்தன. நடு இருக்கையில் சியூ எங்கின் பை மட்டும் கிடந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.